கோட்டை மேலிருந்து தெரிந்த சாலை

அத்தியாயம் 14

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வந்த விடுமுறை ஊருக்கெல்லாம் நல்லதாக இருந்திருக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

எட்டு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அண்ணன் தம்பியை ஒரே காரில் ஏற்றி, கோட்டை, அருவி என்று ஒரு நாள் சுற்றிவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவள், இருவருக்கும் நடுவில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கூடப் பிறந்தவர்களுக்கும் அவள் டீச்சர்தான். சுளுக்கு விழுந்த பிள்ளையையும் கை கொடுத்து எழுப்பி மைதானத்தை ஒரு சுற்று நடக்க வைத்துவிடுவாள். குடும்பச் சண்டைக்கும் அதே வைத்தியம் போதும் என்பது அவள் எண்ணம்.

ஆனால் இது சுளுக்கு இல்லை, முறிவு.

அண்ணன் நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். தம்பி கண்ணாடிக் கடைக்காரன். கடைத்தெருச் சாலையை அகலப்படுத்தியபோது கோடு போட்டவர் அண்ணன். அந்தக் கோட்டில் மற்றக் கடைகளுக்கெல்லாம் முன்பக்கம் ஐந்தடி போனது. தம்பியின் கடைக்கு மட்டும் பதினாலு அடி. அதிகப்படியான ஒன்பது அடி, அவர்களுடைய அப்பா பொது இடத்தை வளைத்துப் போட்டுக் கட்டியது என்று நோட்டீசில் எழுதியிருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் சர்வேயர்தான். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எதிர்த்துப் பேச அவர் இல்லை.

எட்டடிக் கண்ணாடியைப் படுக்க வைத்து அறுக்கிற மேஜை இப்போது கடைக்குள் அடங்குவதில்லை. பெரிய பெரிய ஷோரூம்களுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுத்தவன், மிச்சமிருக்கும் இடத்தில் உட்கார்ந்து போட்டோக்களுக்கு பிரேம் போட்டுக்கொண்டிருந்தான்.

சர்வேயரின் மனைவி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். புகுந்த வீட்டில் அவளுக்கு மருந்துக்காரி என்று பெயர். சுவர் இடிபட்ட அன்று தெருவில் கூட்டம் கூடியபோது, கணவருக்காக முன்னால் வந்து நின்றவள் அவள். "சொந்தத் தம்பின்னுகூடப் பார்க்காதவர் இவர். இப்படிப்பட்டவர் எழுதினா அது பொய்யா இருக்காது" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். கண்ணாடிக்காரன் அன்று அவளை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அதன்பின் அண்ணன் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை.

அதனால்தான் டீச்சர் கூப்பிட்டதும் அவன் வருகிறேன் என்று சொன்னபோது எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. காலையில் அருவி, மதியம் கோட்டை என்று டீச்சர் திட்டம் போட்டிருந்தாள். அவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். முதலில் கோட்டை. சம்மதமென்றால் வருவான், இல்லாவிட்டால் ஆளை விடு என்றான்.

மலைப்பாதையில் ஓட்டத் தனக்குப் பயம் என்று சொல்லித் தம்பியை வண்டி ஓட்ட வைத்ததும் டீச்சர்தான், அண்ணனைப் பிடித்து அவன் பக்கத்து இருக்கையில் தள்ளியதும் அவள்தான். முக்கால் மணி நேரம் தோள் இடிக்க உட்கார்ந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று மருந்துக்காரியின் காதைக் கடித்தாள்.

வாய் திறக்கத்தான் செய்தது.

"அக்கா, என் பக்கத்துல இருக்கறவர்கிட்ட ஜன்னலை ஏத்தச் சொல்லு. ஏதோ நாத்தம் வருது" என்றான் கண்ணாடிக்காரன்.

"கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டினா தீஞ்ச நாத்தம்தான் வரும்னு டிரைவர்கிட்ட சொல்லு" என்றார் சர்வேயர்.

பின்சீட்டில் டீச்சர் ஆரஞ்சு உரித்து முன்னால் நீட்டினாள். இரண்டு பேருமே வாங்கவில்லை. மருந்துக்காரி ஒரு சுளை எடுத்துக்கொண்டாள். யாராவது ஒருவர் வாங்காவிட்டால் டீச்சர் அழுதுவிடுவாள் போலிருந்தது.

கோட்டைக்கு நானூறு சொச்சம் படிகள். விடுமுறைக் கூட்டம் படியெல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. பீரங்கி மேல் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுத்தார்கள். உடைந்த கதவு வழியாக உள்ளே போனதும் சர்வேயர் தன்னை மறந்துவிட்டார். பாறையில் வெட்டிய குளத்துக்குத் தண்ணீர் எந்தச் சரிவில் வரும், சுவர் எந்த இடத்தில் மலையின் போக்கிலேயே திரும்புகிறது என்றெல்லாம் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பம்கூட நின்று கேட்டது. மருந்துக்காரிக்குப் பெருமையாக இருந்தது. படித்த மனுஷர், தெரிந்த மனுஷர், யாருக்கும் வளையாதவர் என்று பதினெட்டு வருஷமாக அவள் சொல்லிவந்த கணவர் இதோ இப்படித்தான் இருப்பார் என்று டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

கண்ணாடிக்காரன் குளத்தருகே நிற்கவில்லை. நேராக வடக்குப் பக்கக் கொத்தளத்துக்கு ஏறிப் போய், சுவரில் சாய்ந்துகொண்டு இவர்கள் வருவதற்காகக் காத்திருந்தான்.

அங்கிருந்து பார்த்தால் மொத்த ஊரும் தெரிந்தது. மருந்துக்காரி தன் ஊரை மேலிருந்து பார்த்ததே இல்லை. பாலம், அதைத் தாண்டி ஆஸ்பத்திரியின் மஞ்சள் கட்டடம், தண்ணீர்த் தொட்டி. புதுச் சாலை மட்டும் மற்றத் தெருக்களைவிடக் கறுப்பாக, நடுவில் வெள்ளைக் கோட்டுடன் பாலத்திலிருந்து பஸ் நிலையம் வரை ஓடியது.

"அதோ பாரு, எங்கம்மா வீடு. மாடியில பச்சைத் தகரம் தெரியுது பாரு" என்று டீச்சரின் தோளைத் தொட்டுக் காட்டினாள். அவள் விரல் சாலையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பச்சைத் தகரத்துக்கு வந்தது. வந்த இடத்தில் நின்றது.

பாலத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் வந்த வெள்ளைக் கோடு, அவள் அம்மா வீட்டுக்கு முன்னால் மட்டும் வயிறு போல் எதிர்ப்பக்கம் பிதுங்கி, வீட்டைத் தாண்டியதும் மறுபடி நேராகிப் பஸ் நிலையத்துக்குப் போனது. பிதுங்கிய பக்கத்தில் வெயில் பட்டு எதுவோ பளிச்சென்று மின்னியது. கண்ணாடிக் கடை.

கீழே இருந்தவரை அது தெரிந்ததே இல்லை. அந்தச் சாலையில் தினமும் இரண்டு தடவை நடக்கிறாள்.

"நீங்களே காட்டிட்டீங்க அண்ணி. நான் காட்டணும்னு நினைச்சேன்" என்றான் கண்ணாடிக்காரன். அன்று அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்குத் துணையாக இங்கே வந்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றான். அதற்குப் பிறகு மூன்று தடவை தனியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான். எட்டு மாதத்துக்கு அப்புறம் நேருக்கு நேர்.

"ஸ்கேல் வெச்சுக் கோடு போடறவர்தானே நீங்க. அந்த இடத்துல மட்டும் ஏன் கோணிக்கிச்சு?"

அந்த இடத்தில் பூமிக்கடியில் பழைய வடிகால் குழாய் இருக்கிறது, அதன்மேல் சாலை போட முடியாது என்று சர்வேயர் நிதானமாகச் சொன்னார். எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில். கண்ணாடிக்காரன் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து டீச்சரிடம் கொடுத்தான். குடிநீர் வடிகால் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிய பதில். அந்த இடத்தில் குழாயும் கிடையாது, இதற்கு முன்னால் இருந்ததும் கிடையாது.

"பொது இடத்தை வளைச்சவர்னு அப்பாவை எழுதினீங்க. வளைச்சது அப்பாவா, நீங்களா?"

சர்வேயர் சுற்றிலும் பார்த்தார். லீவு நாளில் நாலு பேர் நடுவில் ஆபீஸ் விஷயம் வேண்டாம் என்றார்.

டீச்சர் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை மருந்துக்காரி பார்த்ததில்லை. "ஆபீஸ் விஷயம் இல்லண்ணா. அப்பா விஷயம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, குளத்தருகே சர்வேயரின் விளக்கத்தைக் கேட்ட குடும்பத்தின் மூத்தவர் சிரித்த முகமாக வந்தார். எங்களுக்கு அவ்வளவு சொல்லித் தந்தீர்களே, உங்கள் நாலு பேரையும் ஒரு படம் எடுத்துத் தருகிறேன், போனைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். யாரும் அசையவில்லை. கண்ணாடிக்காரன் தன் போனைக் கொடுத்தான்.

"பின்னாடி அந்த ரோடு நல்லாத் தெரியற மாதிரி எடுங்க சார்" என்றான்.

நாலு பேரும் சுவரோரம் நின்றார்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார் அந்த மனிதர். யாரும் நெருங்கவில்லை.

கார் அருவிக்குக் கிளம்பியது.

மருந்துக்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில், டாக்டர் எழுதிய சீட்டை இரண்டு முறை படிக்காமல் அவள் ஒரு மாத்திரைகூட எடுத்துக் கொடுத்ததில்லை. கணவர் எழுதியதை மட்டும் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் ஊருக்கே ஒப்பித்திருக்கிறாள். இடிந்த சுவர்த் தூசியில் நின்றுகொண்டு, வாயில் துணியை வைத்துப் பொத்திக்கொண்டிருந்த கொழுந்தனைப் பார்த்து ஒப்பித்திருக்கிறாள்.

அருவியில் டீச்சர் காரைவிட்டு இறங்கவில்லை. சர்வேயர் ஒருவர்தான் எதுவுமே நடக்காதது போல் இரும்புக் கம்பி போட்ட ஈரப் பாறை வழியாகத் தண்ணீர் விழும் இடத்துக்கு நடந்தார். மருந்துக்காரி பின்னாலேயே போனாள். சாரல் அவருடைய மூக்குக்கண்ணாடியை நனைத்தது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் நேராகக் கேட்டாள்.

"எங்கம்மா வீட்டுக்காகவா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருவியைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு ஏதாவது ஆனால் என் அம்மா தாங்கமாட்டாள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் அவள்தான் சொன்னாளாம். முதலில் போட்ட கோட்டில் முன் அறையும் மாடிப்படியும் போயிருக்குமாம். அதனால் அவள் மனசுக்காகத்தான் செய்தாராம். எதிர்ப்பக்கம் ஒன்பது அடி போவதற்கு ஒரு காரணம் எழுத வேண்டியிருந்தது. இருக்கிறவர்களைக் குற்றவாளியாக்குவதைவிட இல்லாதவர் மேல் எழுதுவது யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியதாம்.

அதை அவர் சாதாரணமாகச் சொன்ன விதம்தான் அவளை எரித்தது.

"நான் சொன்னது பயம். கேட்டது இல்ல. நான் கேட்டேனா உங்ககிட்ட?"

"கேக்காம செஞ்சா நல்ல புருஷன். இப்போ மாட்டிக்கிட்டதும் கெட்டவனா?"

"உங்களுக்காக நடுத்தெருவுல நின்னு சத்தியம் பண்ணாத குறையா பேசினேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லலையே."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்றார். தம்பி மனு கொடுத்திருப்பது தெரியும். வருகிற செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள். முதலில் போட்ட கோடு பதிவான அளவு நோட்டு அலுவலகத்தில் இல்லை, தொலைந்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார். வீட்டுப் பரணில் நீலப் பெட்டியில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அதைக் கிழித்து எரித்துவிட்டால் காகிதத்தில் ஒன்றும் இல்லை. கோட்டை மேலிருந்து பார்த்தோம் என்பதெல்லாம் சாட்சி ஆகாது.

"நீயே எடுத்துக் குடுத்துடு. எனக்கு முதுகு வலி, பரண் ஏற முடியாது" என்றார்.

மருந்துக்காரி திரும்பி, கம்பியைக்கூடப் பிடிக்காமல் பாறை வழியாக வேகமாக நடந்தாள். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டது அருவிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றிருக்கமாட்டாள்.

கண்ணாடிக்காரன் நனைத்த செய்தித்தாளால் காரின் முன்கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சும்மா இருக்கத் தெரியாத கை. அவள் எதிரே போய் நின்றாள்.

"தம்பி, முதல் கோடு எழுதின அளவு நோட்டு எங்க வீட்டுலதான் இருக்கு. இன்னைக்கே உங்க கையில குடுக்கறேன்."

அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"அது வெளிய வந்தா ரோட்டுக் கோட்டைத் திருத்துவாங்க. உங்கம்மா வீட்டு முன் அறை போகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

"எட்டு மாசம் லேட் அண்ணி."

நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. செய்தித்தாளைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தான். பின்சீட்டில் இருந்த டீச்சர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள், கையைப் பிடிக்கவில்லை.

சர்வேயர் ஈரக் காலோடு வந்து ஏறினார். மனைவி சொல்லிவிட்டாள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. மலை இறங்கி ஊர் எல்லை வந்தது. பாலத்தருகே கூட்டத்தில் கார் நின்றபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நோட்டைக் குடுக்கறது உன் இஷ்டம். குடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் பிரிச்சுப் பாரு. அளக்கும்போது வீட்டுக்காரங்க கையெழுத்து வாங்குவோம். முதல் கோட்டுக்குக் கீழ உங்கம்மா கையெழுத்து இருக்கு. மறுநாள் காலையில வீட்டைக் காப்பாத்தச் சொல்லி என் ஆபீசுக்கு வந்து உக்காந்ததும் அவங்கதான்."

மருந்துக்காரிக்குச் சட்டென்று எதுவும் ஓடவில்லை. அவள் மனசுக்காகச் செய்தேன் என்று அருவியில் சொன்னவர் இவர். சுவர் இடிபட்ட பிறகு, கடையில் கூடமாட இருக்கும் கண்ணாடிக்காரன் மனைவியைப் பார்க்க வாரம் தவறாமல் எதிர்க்கடைக்குப் போய், உன் வீட்டுக்காரரோட அண்ணன் இப்படிச் செய்திருக்கக்கூடாது என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவள் அம்மா. இதில் யார் யாரிடம் எவ்வளவு நாளாக நடித்தார்கள்?

கூட்டம் விலகியதும் கண்ணாடிக்காரன் காரை நகர்த்தினான்.

"வீட்டுக்கு வேண்டாம் தம்பி. எங்கம்மா வீட்டுக்கு விடுங்க" என்றாள்.

வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வெள்ளைக் கோடு வளைகிற இடத்தில் கார் நின்றது. இப்போது, மேலிருந்து பார்த்த பிறகு, கீழிருந்தும் அது தெரிந்தது. அவள் இறங்கிப் படியருகே போவதற்குள் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். குரல் உயராது, முகத்தில் ஒன்றும் தெரியாது. மகளைப் பார்த்தாள். காரில் இருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"கேக்க வந்ததை உள்ள வந்து கேளு. ரோட்டுல நின்னு கேக்காத" என்றாள்.

மகள் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.

"ரோட்டுல நின்னே கேக்கறேன்மா. ரோட்டைப் பத்தினதுதானே."

பின்னால் காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சர்வேயர் இறங்கி, யாரிடமும் சொல்லாமல், எதிர்ச் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கார் போகமுடியாத சந்து. அவர்கள் வீட்டுக்குக் குறுக்குவழி. நடந்தால் ஏழு நிமிஷம். முதுகு வலிக்காரர் நடப்பது போல் இல்லை அந்த நடை. காரில் போவதென்றால் பஸ் நிலையத்தைச் சுற்ற வேண்டும், விடுமுறைக் கூட்டத்தில் எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது.

கண்ணாடிக்காரன் மருந்துக்காரியைப் பார்த்தான். போவதா, நிற்பதா என்று முதல் தடவையாக அவளிடம் கேட்கிற பார்வை.

அவள் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து, காரிலிருந்து இறங்கி வந்த டீச்சரின் கையில் வைத்தாள். "பரண்ல நீலப் பெட்டி. நீ சந்துல ஓடு. தம்பி கார்ல வரட்டும்" என்றாள்.

டீச்சர் செருப்பைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு ஓட ஆரம்பித்தாள். மருந்துக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு எதிரே, சாலையிலேயே நின்றாள்.

"இப்போ சொல்லு" என்றாள்.